எலிக்கு எறங்கலன்னா எங்க அம்மாச்சிக்கும் எறங்கலயா?

அரசலாறு:
நேத்து பாமணியாறு இங்க எழுதுனத படிச்சதுலேருந்து எரிச்சலா இருக்கு. "நித்திய கல்யாணி நம்ம வாசல்ல கெடக்குற செடி, வெள்ளக்காரன் தூக்கிட்டுப் போயி அரைச்சு மாத்திரை ஆக்கி கேன்சர் மருந்துன்னு விக்கிறான், ஆராய்ச்சியாவது மண்ணாவது"ன்னு. அதுக்கு ஊரே லைக் வேற. மொதல்ல அது மாத்திரையே இல்லய்யா, அந்தச் செடியிலேருந்து எடுக்குற வின்கிரிஸ்டின் ரத்தக் குழாயில ஏத்துற மருந்து. செடிக்குப் பூர்வீகம் மடகாஸ்கர். கனடாவுல ராபர்ட் நோபிள்னு ஒரு டாக்டர், 1952ல அவரோட அண்ணனுக்கு ஜமைக்காலேருந்து ஒரு கவர்ல இந்த இலை வருது, அங்க சக்கரைக்கு இதப் போட்டுக் குடிக்கிறாங்கன்னு. எலிக்குக் குடுத்துப் பாத்தா சக்கரை எறங்கல. சரின்னு ஊசியில ஏத்துனா எலி சாவுது, ஏன்னு தேடுனா வெள்ளையணு கொறஞ்சு கிருமி தாக்கியிருக்கு. அங்கதான் பொறி தட்டுச்சு, அப்ப வெள்ளையணு கண்டபடி பெருகுற ரத்தப் புத்துநோய்க்கு ஆகுமேன்னு. அவரும் கூட வேலை பாத்த சார்லஸ் பீரும் அதே செடியிலேருந்து வின்பிளாஸ்டின்ங்கிற மருந்தப் பிரிச்சு 1958ல வெளிய சொன்னாங்க. வின்கிரிஸ்டின் எலை லில்லி கம்பெனி ஆளுங்க பிரிச்சது, 1963ல அமெரிக்காவுல அனுமதி. இதுல அரைச்சது எங்க, உருட்டுனது எங்க?

பாமணியாறு:
எல்லாம் சரிண்ணே. எலிக்கு எறங்கலங்கிறிய. எங்க அம்மாச்சி அந்தப் பூவ கஷாயம் வச்சுக் குடிச்சு சக்கரை எறங்குச்சு, ஊருக்கே தெரியும். அம்மாச்சி எலியா?

அரசலாறு:
அம்மாச்சி கூடவே சக்கரை மாத்திரையும் போட்டுச்சா இல்லயா, அத சொல்லு.

பாமணியாறு:
போட்டுச்சு. அதுக்கு?

அரசலாறு:
அதுக்கா? சுத்தம்.

கோரையாறு:
தஞ்சாவூர் கிட்டி வச்சு எலி புடிச்ச ஊர்ல ஒக்காந்துகிட்டு எலி சர்டிபிகேட் குடுத்தாத்தான் ஒத்துக்குவேங்கிறாரு அண்ணன். நடத்துங்க.

வாத்தியார் ஓய்வு:
தம்பிகளா, சரபோஜி மகாராஜா தன்வந்திரி மகால் வச்சு வைத்தியம் பாத்தாரு, மருந்தப் பாட்டா எழுதி வச்சாங்க, எல்லாம் இருநூறு வருஷத்துக்கு முந்தி. அப்ப எந்த எலி இருந்துச்சு? நம்மளுக்கு ஆராய்ச்சி சொல்லிக் குடுக்க கனடாலேருந்து ஆள் வரணுமா?

அரசலாறு:
ஐயா, நான் சொல்ல வர்றதத்தான் நீங்க சொல்றிய. சரபோஜி ஆளுங்க கண் நோயாளி ஒவ்வொருத்தருக்கும் கேஸ் எழுதி வச்சாங்க, சரஸ்வதி மகால்ல இருக்கு. எழுதி வச்சது ஏன்? பாத்தேன் கேட்டேன்ங்கிறது பத்தாதுன்னுதான். ஆனா எழுதுனா மட்டும் போதாது, ஒப்பிட்டுப் பாக்கணும். கனடா வேணாம், மெட்ராசுக்கே வாங்க. 1956ல சேத்துப்பட்டுல டிபி நோயாளிங்கள சீட்டுப் போட்ட மாதிரி ரெண்டாப் பிரிச்சு, பாதிப் பேர ஆஸ்பத்திரியில சேத்து நல்ல சாப்பாடு ஓய்வோட மருந்து, பாதிப் பேருக்கு அவங்க வீட்லயே அதே மருந்து. வீட்ல இருந்தவங்க ஏழைங்க, சாப்பாடும் கம்மி. ஆனா கொணம் ஏறக்குறைய ஒண்ணுதான். ஒலகமே டிபி வைத்தியத்த அதுக்கப்புறம் மாத்துச்சு. சும்மா அம்மாச்சிக்கு எறங்குச்சுன்னா கஷாயத்துலயா மாத்திரையிலயா சோத்தக் கொறச்சதுலயான்னு எப்புடித் தெரியும்?

பாமணியாறு:
அம்மாச்சி சோத்தக் கொறைக்கல.

கோரையாறு:
அது நெசம், நான் பாத்துருக்கேன்.

பாமணியாறு:
டேய். அண்ணே, கம்பெனிக்காரனுக்கு இம்புட்டு வக்காலத்து வாங்குறியளே, நெக்ஸாவர்ங்கிற கேன்சர் மாத்திரை என்னாச்சு? பேயர்காரன் மாசத்துக்கு 2,80,000 ரூவான்னு வித்தான். 2012 மார்ச்சுல, பேயர்காரன் சம்மதம் இல்லாமலே செஞ்சு விக்கலாம்னு நம்மூரு நாட்கோ கம்பெனிக்குக் கட்டாய உரிமம் குடுத்ததும் 8,800 சொச்சம். மிச்சம் எல்லாம் எலிக்குத் தீனி போட்டாங்களா?

அரசலாறு:
வெலை கொள்ளைதான், எவன் இல்லன்னான்? வெலை வேற, மருந்து வேலை செய்யுமான்னு கண்டுபுடிக்கிறது வேற. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துல ஒரு ரகம் வெளிய விடுறதுக்கு முந்தி எத்தன வருஷம் எத்தன ஊரு வயல்ல போட்டுப் பாக்குறாங்க? வித கடைக்காரன் அநியாய வெலைக்கு வித்தா ஆடுதுறையில ஆராய்ச்சியே நடக்கலன்னு சொல்லுவியா? மருந்தும் அப்புடித்தான், மொத கட்டத்துல கொஞ்சம் பேருக்குக் குடுத்து ஒடம்பு தாங்குதான்னு பாப்பான், அப்பறம் சில நூறு, அப்பறம் ஆயிரக்கணக்குல. மொத கட்டத்துக்கு வர்ற பத்துல ஒண்ணுதான் கடைக்கு வருது. எலியத் தாண்டி மனுசன்ல கவுந்தது எத்தனையோ.

பாமணியாறு:
பாத்தியளா, எலிக்கு சரியா இருந்தது மனுசனுக்குக் கவுருதுன்னு நீங்களே சொல்லிட்டிய. அப்ப எலிக்கு எறங்காதது மனுசனுக்கு எறங்கலாம்ல? நான் அதத்தானே காலையிலேருந்து கத்துறேன்.

அரசலாறு:
எறங்கலாம். சோதிச்சுக் காட்டு.

பாமணியாறு:
அம்மாச்சி காட்டிருச்சு.

வாத்தியார் ஓய்வு:
பாட்டா எழுதி வச்சத எவனும் படிக்கல, அதான் கேடு.

கோரையாறு:
ஆடுதுறைன்னதும் ஞாபகம் வருது. அரசலாறு அண்ணே, போன குறுவைக்கு ஏடிடி 43 நெல்லுன்னு நீங்க சொன்ன எடத்துல வாங்குன வித பாதி மொளைக்கல. அது எந்தக் கட்டத்துல கவுந்துச்சு?

அரசலாறு:
நாத்தங்கால்ல தண்ணி கட்டி வச்சு அழுக வுட்டது நீ. வித மேல பழி போடாத.

கோரையாறு:
தண்ணியா? வாய்க்கால்ல அப்ப தண்ணியே வரலண்ணே.

பாமணியாறு:
ஏடிடி 43 எல்லாம் ஒரு அரிசியா, இட்லிக்கு 37தான்.

அரசலாறு:
இட்லியப் பத்தி எவன் கேட்டான் இங்க? கோரையாறு, மொளைக்காத வித இன்னும் மிச்சம் இருந்தா எடுத்துட்டு வா, ஈரத்துணியில கட்டி வச்சு எண்ணிப் பாப்போம்.

கோரையாறு:
அத எலி தின்னு பல மாசம் ஆச்சு. காசு எப்ப தர்றிய, அத சொல்லுங்க.