எஸ்-100 பேக்பிளேன் (பழைய கம்ப்யூட்டர்ல கார்டுகளை சொருகுற ஸ்லாட் போர்டு) புதுசா பண்ணிருக்கேன், கடைசி ஸ்லாட்ல தகராறு, உதவுங்க

வணக்கம், கும்பகோணத்துலேர்ந்து எழுதுறேன். மாமா குடுத்த இம்சாய் 8080 மெஷின் (1970கள்ல வந்த கம்ப்யூட்டர்) ரொம்ப நாள் நாகப்பட்டினத்துல கெடந்துச்சு, உப்புக்காத்துல பேக்பிளேன் ட்ராக் எல்லாம் பச்சை பூத்துருச்சு, ஒட்டுப்போட்டு ஓட்டுறதுக்கு புதுசே மேல்னு நானே ஒன்பது ஸ்லாட்டுக்கு போர்டு வரைஞ்சு அடிச்சு வாங்கி கனெக்டர் எல்லாம் சால்டர் பண்ணிட்டேன் (ஸ்லாட்டுக்கு 100 பின், முதுகு விட்டுப்போச்சு).

கார்டு சொருகாம மீட்டர்ல பாத்தாச்சு. பின் 1, 51ல ப்ளஸ் 8 வோல்ட், 2ல ப்ளஸ் 16, 52ல மைனஸ் 16, லோடு இல்லாததால கொஞ்சம் தூக்கலா வருது, அது பரவால்ல, வோல்டேஜை சரிப்படுத்துற ரெகுலேட்டர் ஒவ்வொரு கார்டுலயும்தானே இருக்கு. பக்கத்து பின்னுக்கு ஷார்ட்டும் இல்ல.

பிரச்சனை என்னன்னா சிபியுவும் ரேமும் அடுத்தடுத்த ஸ்லாட்ல இருந்தா ஜம்முனு ஓடுது, ரேமை கடைசிக்கு தள்ளினா கண்டதையும் படிக்குது. டெர்மினேஷன் (சிக்னல் லைன் முனையில எதிரொலிச்சு திரும்பாம இருக்க போடுறது) இன்னும் போடல, எனக்கு அதுமேலதான் சந்தேகம். ஆக்டிவா (ரெகுலேட்டர் சர்க்யூட்டோட) போடணுமா இல்ல வெறும் ரெசிஸ்டரே போதுமா? ரெண்டு பக்கமுமா, ஒரு பக்கமா?

இன்னொன்னு, 1983 ஐஇஇஇ-696ல (எஸ்-100க்கான தரநிலை) பின் 20, 53, 70 மூணும் கிரவுண்ட். பழைய கார்டுல 20ம் 70ம் மெமரி ப்ரொடெக்ட்டுக்கு (மெமரில எழுதவிடாம பூட்டுறது, திறக்குறது), 53 முன் பேனலுக்கு. இப்போதைக்கு அந்த மூணையும் கிரவுண்டோட சேக்க ஜம்பர் வச்சு, சேக்காம திறந்தே விட்ருக்கேன், அப்படியே விடலாமா?

தஞ்சாவூர், திருச்சி பக்கம் யார்கிட்டயாவது ஆசிலாஸ்கோப் (சிக்னலை அலையா காட்டுற கருவி) இருந்தா சொல்லுங்கண்ணே, 24வது பின் கிளாக்கை பாத்துடணும், பொட்டியோட நானே வந்துடுறேன், ஞாயித்துக்கிழமைன்னா சௌகரியம்.