பிரசவம் முடிந்ததும் காப்பர்-டி: நர்ஸுக்குச் சில நாள் பயிற்சி போதுமா?

மகப்பேறு மருத்துவர், கோவை:
நஞ்சுக்கொடி விழுந்த 10 நிமிடத்துக்குள் காப்பர்-டி (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) வைக்கும் முறையை ஸ்டாஃப் நர்ஸ்களுக்குச் சில நாள் வகுப்பில் சொல்லிக்கொடுத்துச் சான்றிதழ் தருகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. மாதவிலக்கையொட்டி வைப்பது வேறு, இது வேறு. அங்கே கருப்பையின் ஆழம் பெரும்பாலும் 6 முதல் 10 செ.மீ.; செலுத்தும் குழாயைப் பின்னுக்கு இழுத்தால் காப்பர்-டியின் கைகள் தானே விரியும். பிரசவமான கருப்பையோ தொப்புள் மட்டத்தில் நிற்கிறது, கருப்பைவாய் ஈரத்துணி போலத் தொய்ந்து கிடக்கிறது. காப்பர்-டியைப் பிடித்து மேலே கொண்டுபோகும் நீண்ட இடுக்கியான கெல்லி ஃபோர்செப்ஸ், கருப்பையின் உச்சியான ஃபண்டஸைத் தொட்டுவிட்டதா, கருப்பையின் வளைவில் முட்டி நின்றுவிட்டதா என்று கைதான் சொல்ல வேண்டும். கீழே வைத்தது விழுந்துவிடும். உள்ளே இருக்கிறதென்று நம்பியிருக்கும் பெண் மறுபடி கர்ப்பமாவாள்.

செவிலியர் பயிற்றுநர், மதுரை:
கை பழக வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை டாக்டர். ஆனால் 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு 2 மணிக்குப் பிரசவம் பார்ப்பது யார்? அந்த 10 நிமிடம் போனால் 48 மணி நேரத்துக்குள் வைக்கலாம். அதையும் விட்டால் 6 வாரம் காத்திருக்க வேண்டும், அதற்குள் பலர் திரும்பி வருவதே இல்லை. பயிற்சி பெற்ற நர்ஸும் மிட்வைஃபும் காப்பர்-டி வைக்கலாம், எடுக்கலாம் என்று 2012-லேயே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துவிட்டது.

தவறு நடக்கும் இடங்களும் தெரிந்தவைதான். வயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக் கருப்பையை மேலே தள்ளினால்தான் வளைவு நிமிரும். தள்ளாமல் ஃபோர்செப்ஸை நேராகச் செலுத்தினால் அது கீழ்ப்பகுதியோடு நின்றுவிடும். ஃபண்டஸில் முட்டுவது மேலே இருக்கும் கைக்குத் தெரிந்தாக வேண்டும். அடுத்தது, வெளியே எடுப்பது. ஃபோர்செப்ஸைத் திறந்து, பக்கவாட்டில் ஒதுக்கி, சற்றுத் திறந்தபடியே இழுக்க வேண்டும். அவசரத்தில் மூடிவிட்டால் காப்பர்-டியின் நூல் சிக்கி, வைத்ததும் கூடவே வந்துவிடும். கடைசியில் ஸ்பெகுலத்தில் (பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கும் கருவி) பார்க்கும்போது நூல் கண்ணில் படக்கூடாது. பட்டால் மேலே போகவில்லை என்று பொருள். எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். இந்த ஒவ்வொரு படியையும் முதலில் மாடலில் (பயிற்சிப் பொம்மை), பிறகு லேபர் வார்டில், பக்கத்தில் நின்று பார்த்து டிக் போட முடியும்.

மகப்பேறு மருத்துவர், கோவை:
படிகளை டிக் போடலாம் சிஸ்டர். யாருக்கு வைக்கக்கூடாது என்ற முடிவை யார் எடுப்பது? பனிக்குடம் உடைந்து 18 மணி நேரம் தாண்டியிருந்தால், காய்ச்சல் இருந்தால், ரத்தப்போக்கு கட்டுக்குள் வராமல் இருந்தால் வைக்கக்கூடாது. நன்றாகப் பழகிய கையிலேயே 100-க்கு 10 அளவில் விழுகிறது. சாதாரண முறையில் இது மிகக் குறைவு.

செவிலியர் பயிற்றுநர், மதுரை:
பனிக்குடம் உடைந்த நேரத்தையும் காய்ச்சலையும் பார்ட்டோகிராமில் (பிரசவ நிலவரத்தைக் குறிக்கும் அட்டை) எழுதுவதே நர்ஸ்தானே டாக்டர்? ரத்தப்போக்கை முதலில் பார்ப்பதும் அவர்தான். விழும் வாய்ப்பு அதிகம் என்பது உண்மை. அதனால்தான் 6-வது வாரப் பரிசோதனையையும் பயிற்சியில் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறோம்.

கிராம சுகாதார செவிலியர், விழுப்புரம்:
இரண்டு பேரும் கையைப் பற்றியே பேசுகிறீர்கள். வைத்த பிறகு எங்களிடம்தான் வருகிறார்கள். "எப்ப வச்சாங்கன்னே தெரியல" என்று கேட்கும் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது? வலி உச்சத்தில் இருக்கும்போது வாங்கும் கையெழுத்து ஒப்புதலே ஆகாது. கர்ப்பகாலப் பரிசோதனைகளிலேயே பேச வேண்டும்: ஊசி, மாத்திரை, ஆணுறை, காப்பர்-டி எல்லாவற்றையும் சொல்லி, மாமியாரையும் கணவரையும் வெளியே உட்கார வைத்து, அவளிடம் தனியாக. முதல் 3 முதல் 6 மாதம் உதிரப்போக்கும் வலியும் கூடலாம் என்பதையும் அப்போதே சொன்னால்தான் பிறகு பயந்துபோய் எடுக்கச் சொல்லி ஓடிவர மாட்டாள்.

கருப்பை சுருங்கிய பிறகும் நூல் தெரியவில்லை என்று வருபவளிடம் "அதெல்லாம் உள்ளேதான் இருக்கும்" என்று சொல்லி அனுப்புவதுதான் பெரிய தவறு. முதலில் சிறுநீர் பரிசோதனை செய்து கர்ப்பமில்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். பிறகு ஸ்கேன். கருப்பையில் இல்லை என்றால் எக்ஸ்ரே. விழுந்துவிட்டதா, வயிற்றுக்குள் போய்விட்டதா என்று அதில் தெரிந்துவிடும். அதுவரை ஆணுறை கொடுத்து அனுப்ப வேண்டும்.

மகப்பேறு மருத்துவர், கோவை:
ஒப்புதல் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி சிஸ்டர். சான்றிதழில் என் நிலை மாறவில்லை. வகுப்பு முடிந்த கையோடு தரக்கூடாது. அவரவர் லேபர் வார்டில் மேற்பார்வையில் வைத்து, அந்தப் பெண்களின் 6-வது வாரப் பரிசோதனையில் எத்தனை விழுந்தது என்று பதிவேட்டில் பார்த்த பிறகு தரட்டும். அதிகம் விழுந்தால் மறுபடி மாடலில் பழகட்டும். டாக்டர்களுக்கும் இதே விதிதான்.

செவிலியர் பயிற்றுநர், மதுரை:
டாக்டர்களுக்கும் சேர்த்து என்றால் எனக்குச் சம்மதம்.

கிராம சுகாதார செவிலியர், விழுப்புரம்:
எடுப்பதையும் அதே பட்டியலில் சேருங்கள். கருப்பைவாய்க்கு அருகில் நூலை ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் என்ற சிறு இடுக்கியில் பிடித்து, மெல்ல, ஒரே சீராக இழுக்க வேண்டும். தடுத்தால் பலம் காட்டக்கூடாது, மேல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். வைக்கத் தெரிந்தவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். எடுத்துவிடுங்கள் என்று கேட்டு வருபவளை "இன்னும் கொஞ்ச நாள் பாரும்மா" என்று திருப்பி அனுப்பும் இடங்கள்தான் அதிகம். அவள் கேட்ட அன்றே எடுத்துக்கொடுக்க எந்தப் பயிற்சியில் சொல்லித்தருகிறார்கள்?