குரங்கணி பதிவு திறக்கவே மாட்டேங்குது, தனுஷ்கோடியில திருப்பி அனுப்பிட்டாங்க – யாராவது உதவுங்க

கொடிமலைப் பையன்:
வணக்கம். பினாங்குல இருந்து மதுரைக்குப் படிக்க வந்து ஏழு மாசம் ஆச்சு. ஊர்ல ஞாயிறு தவறாம கொடிமலை ஏறுவேன், யார்கிட்டயும் அனுமதி கேட்டதில்ல. இங்க ரெண்டு சிக்கல்.

மலையேற்றத்துக்கு வனத்துறை பதிவு எடுக்கற ட்ரெக் தமிழ்நாடு தளத்துல, போடி பக்கத்து குரங்கணி மலைக்கு ரெண்டு வாரமா பாக்குறேன், மார்ச்ல ஒரு தேதி கூட திறக்கல. வெளிநாட்டு கார்டால இருக்குமோன்னு நண்பன் கார்டையும் போட்டுப் பாத்தாச்சு. அவனுக்குத் தெரிஞ்ச ஒருத்தர், "புக்கிங்கே வேணாம், வேற பாதையில கூட்டிட்டுப் போறேன்"ங்கறார். நம்பலாமா?

போன மாசம் காலை ரயில்ல ராமேஸ்வரம் போனேன். கோயில் வரிசை, தீர்த்தம், சாப்பாடு எல்லாம் முடிச்சு தனுஷ்கோடிக்குப் போனா, நேரமாயிருச்சுன்னு சாவடியிலயே நிறுத்திட்டாங்க.

போடிக்காரி:
தம்பி, கார்டுல ஒண்ணும் இல்ல. இது காட்டுத்தீ காலம். பிப்ரவரி நடுவுல பாதைகளை மூடிருவாங்க, கோடை மழை விழுந்தாத்தான் காடு அடங்கும். உங்க ஊர்ல வருஷம் பூரா மழை, அதான் இது புதுசா தெரியுது. இங்க தை கழிஞ்சா சரிவுல புல்லு ஆள் உசரத்துக்குக் காஞ்சு நிக்கும். அடிவாரத்துல பத்துற தீ காத்தோட மேல ஏறும், மேட்டுல மனுசன் ஓடுற வேகம் அதுக்குப் பத்தாது. 2018 மார்ச் 11 அன்னைக்கு அப்படித்தான் குரங்கணியில மலையேறப் போனவங்க மாட்டினாங்க, 23 பேர் போயிட்டாங்க. அந்த ராத்திரி போடியில யாரும் தூங்கல. 'வேற பாதை' ஆள்கிட்ட பேச்சே வச்சுக்காதீங்க.

ஒத்தக்கடை அண்ணன்:
அக்கா சொல்றதுதான். அதுவரைக்கும் கால் அரிச்சா கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போங்க. சின்ன மலைதான், ஆனா செட்டிப்புடவுலயும் பேச்சிப்பள்ளத்துலயும் இருக்கற தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பாக்கவே ஒரு காலை வேணும். ஆறு மணிக்கு ஏறிருங்க. ஒன்பதுக்கு மேல பாறை தோசைக்கல்லுதான்.

தனுஷ்கோடிக்கு நீங்க வரிசையை மாத்திட்டீங்க, அவ்வளவுதான். கோயில் மத்தியானம் சாத்தினாலும் சாயங்காலம் திறக்கும், தனுஷ்கோடி சாயங்காலம் திறக்காது. மதுரையில இருந்து ராமேஸ்வரமே 170 கிலோமீட்டர் சொச்சம். மாட்டுத்தாவணியில விடிகாலை மூணு மணி வாக்குல பஸ் ஏறினா, வெயில் ஏறுமுன்ன தனுஷ்கோடி கடைசியில இருக்கற அரிச்சல்முனையில நிக்கலாம். 1964 டிசம்பர் புயல்ல போன தேவாலயம், ரயில் நிலையச் சுவரெல்லாம் வழியிலயே இருக்கு. முனையில மட்டும் கடல்ல இறங்காதீங்க, இழுப்பு மேல தெரியாது. போறப்ப பஸ்தான் நல்லதுன்னு நான் சொல்வேன்: ரயில்ல போனா 2025ல திறந்த புதுப் பாம்பன் பாலத்து மேல நீங்க இருப்பீங்க, பாலம் கண்ணுக்குத் தெரியாது!

கொடிமலைப் பையன்:
நன்றிண்ணே, நன்றிக்கா. அந்த ஆளுக்கு வேணாம்னு சொல்லியாச்சு. சனிக்கிழமை ராத்திரியே ராமேஸ்வரம் போய்த் தங்கினா?

போடிக்காரி:
தங்கலாம். ஆனா பாஸ்போர்ட்டும் விசாவும் அசலா கையில இருக்கணும். வெளிநாட்டுக்காரர் தங்கினா விடுதிக்காரங்க அதைப் பதிஞ்சு அனுப்பணும், சில சின்ன விடுதியில அந்த வேலைக்குச் சோம்பி ரூம் இல்லன்னுருவாங்க. கிளம்புமுன்ன போன்லயே கேட்டுக்கங்க.