ஸ்கானுக்கு அக்ரஹார காப்புறுதி எடுப்பார்களா? யாழ்ப்பாணத்தில் எங்கள் அனுபவம்

கொக்குவிலில் இருந்து:

போன ஆவணியில் மனைவிக்கு வலப்பக்க விலாவுக்குக் கீழே குத்து. சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தில் தொடங்கி முதுகு வரை ஓடும். குடும்ப வைத்தியர் வயிற்று ஸ்கான் எடுக்கச் சொல்லித் துண்டு எழுதித் தந்தார். நான் அரசாங்க உத்தியோகத்தன். மாதாமாதம் அக்ரஹார காப்புறுதிக்குச் சம்பளத்தில் வெட்டுகிறார்கள். அதனால் அக்ரஹார எடுக்கிற கதிரியக்க வைத்திய நிபுணர் யார் என்றே தேடிக்கொண்டிருந்தேன். ஒரு கிழமை போய்விட்டது. இரவில் அவள் சுவரில் சாய்ந்து இருந்தபடி விடிய வைத்ததை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

கடைசியில் தனியார் ஸ்கான் நிலையம் ஒன்றில் போன் எடுத்த பிள்ளைதான் விளங்கப்படுத்தினாள். "அண்ணை, டொக்டர் அதை எடுக்கிறேல்லை. நீங்கள் காசைக் கட்டிப்போட்டு, பில்லை உங்கட கந்தோரில குடுக்கோணும்." இவ்வளவுதான் விஷயம். எனக்கு யாரும் முதலில் சொல்லவில்லை.

அடுத்த நாள் வெறும் வயிற்றோடு போனோம். டொக்டர் ஜெல்லைப் பூசி, "மூச்சை இழுத்துப் பிடியுங்கோ தங்கச்சி" என்றார். திரையில் கறுப்புப் பை ஒன்று, அதற்குள் வெள்ளைப் பொட்டு, பொட்டுக்குக் கீழே வால் போல நிழல். இடப்பக்கம் திரும்பச் சொன்னார். பொட்டு உருண்டது. "பித்தப்பைக் கல். உருளுது பாருங்கோ, ஒட்டி நிண்டால் வேற மாதிரி யோசிக்கோணும்" என்று திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். பிறகு, "பெரியாஸ்பத்திரியில ஏன் காட்டேல்லை? இந்த றிப்போட்டோட சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குப் போங்கோ" என்றார். தனியாரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

சத்திரசிகிச்சை பெரியாஸ்பத்திரியிலேயே, அதாவது யாழ்ப்பாண அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே நடந்தது. ஒரு சதம் கேட்கவில்லை. வாட்டில் இருந்த நாட்களுக்கு அக்ரஹாரவில் ஒரு தொகையும் வந்தது. அதற்கு டயக்னோசிஸ் காட் (என்ன நோய், என்ன சிகிச்சை என்று ஆஸ்பத்திரி எழுதித் தருகிற அட்டை) கட்டாயம் வேண்டும்.

ஸ்கான் பில் மட்டும் திரும்பி வந்தது. அதில் நோயாளியின் பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை, "ஸ்கான்" என்ற ஒரு சொல்லும் தொகையும்தான். மெல்லிய தாள் வேறு, மாதம் முடிய முன் எழுத்து மங்கிவிட்டது. கவுண்டரை விட்டு நகர முதலே பெயரையும் முத்திரையையும் பாருங்கள். அன்றைக்கே போட்டோப்பிரதியும் எடுத்து வையுங்கள்.

கரவெட்டியில் இருந்து, ஆசிரியை:

அண்ணா, எனக்கு நடந்தது வேறு. அம்மாவுக்கு சிடி ஸ்கான். 750ஆம் இலக்க பஸ்ஸில் விடியவே ஏறி யாழ்ப்பாணம் வந்தோம். அங்கே, "கிரியற்றினின் பார்த்த துண்டு எங்கே?" என்று கேட்டார்கள். மருந்து ஏற்றி எடுக்கிற ஸ்கான் என்றால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று முதலில் இரத்தம் பார்க்க வேண்டுமாம். நேரம் குறித்துத் தந்த அன்று அதைச் சொல்லியிருந்தால் 70 கடந்த மனுசியை அந்தக் குலுக்கலில் கூட்டிவந்து வெறும் கையோடு திருப்பிக் கொண்டுபோயிருக்க மாட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, நெல்லியடி வரும்வரை யன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தா.

கந்தோரில் கேட்டபோது, நான் மணமானவள் என்பதால் என் அக்ரஹாரவில் அம்மாவைச் சேர்க்க முடியாது என்றார்கள். இனி நேரம் குறிக்கும்போதே கேட்கப் போகிறேன்: மருந்து ஏற்றுவீர்களா, எந்த இரத்தப் பரிசோதனை வேண்டும், நீரிழிவுக் குளிசையை என்ன செய்வது?

சாவகச்சேரியில் இருந்து:

இன்னொன்று. எனக்கு றிப்போட் மட்டும் தந்தார்கள், படத்தைத் தரவில்லை. கிளினிக்கில் டொக்டர், "படம் எங்கே, நானும் பார்க்கோணும்" என்றார். திரும்பப் போய்க் கேட்டதும் அங்கேயே சீடித் தட்டில் அடித்துத் தந்தார்கள். தனிக் காசு எடுக்கவில்லை. கொக்குவில் அண்ணை, உங்கள் பில்லையும் அந்த இடத்துக்கே கொண்டுபோய்ப் பெயர் போட்டு முத்திரை குத்தித் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கோ.