மலேசிய ரப்பர்த் தோட்ட அருங்காட்சியகத்தில் ஏடுகளைப் பராமரிப்பது: உங்கள் அனுபவம் என்ன?

சுங்கை சிப்புட் உறுப்பினர்:

ஆவணக் கொள்கை எழுத உட்கார்ந்தபோது, எங்கள் செயலவையில் பெரிய வாக்குவாதமே, தொழிலாளர்களின் அன்றாட வருகையும் சம்பளமும் எழுதிய செக்ரோல் புத்தகத்தைப் பற்றித்தான். கண்ணாடிப் பெட்டியில் மரம் சீவும் பால் கத்தி, பால் பிடிக்கும் மங்கு, தோளில் சுமக்கும் காண்டா வாளியோடு அதுவும் திறந்தபடி கிடந்தது. வருபவர்களுக்கு அது காட்சிப் பொருள். ஆனால் அதில் பேர் இருப்பவர்களின் பிள்ளைகள் இன்னும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். யாருக்கு எவ்வளவு முன்பணம் பிடித்தார்கள் என்பதுவரை அதில் எழுதியிருக்கிறது.

அந்தச் சமயத்தில் ஈப்போவிலிருந்து ஓர் அக்கா வந்தார். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவர், பிறப்புப் பத்திரம் எடுக்கவே இல்லை. குடியுரிமை மனுவோடு வைக்க, அம்மா இங்கே வேலை செய்ததற்கு ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். 1958ஆம் வருட ஏட்டில் தேடினோம். அஞ்சலை என்ற பேரில் மூன்று பேர். அக்காவிடம் இருந்த பழைய சம்பளச் சீட்டின் ஆள் நம்பரையும், ஏட்டில் பேருக்குப் பக்கத்தில் கிராணி (தோட்ட எழுத்தர்) பென்சிலில் குறித்த நம்பரையும் ஒத்துப் பார்த்துத்தான் அவருடைய அம்மாவைக் கண்டுபிடித்தோம்.

அதற்கப்புறம் வாக்குவாதம் சீக்கிரம் முடிந்தது. செக்ரோல் இனிப் பூட்டிய அலமாரியில் இருக்கும். கண்ணாடிப் பெட்டியில் பேர்களை மறைத்த நகல் ஒரு பக்கம் போதும். குடும்பத்தார் கேட்டால், அவர்கள் குடும்பத்தாரின் பேர் உள்ள வரியின் நகலும், எந்த ஏடு, எந்தப் பக்கம் என்று எழுதிய கடிதமும் கொடுப்போம். மூல ஏடு வெளியே போகாது.

எங்கள் சொந்த ஃபைல்களில், பில்லும் கணக்கும் 7 ஆண்டு வைத்தால் போதும். ஆனால் ஒரு பொருளை யார் கொடுத்தார், நன்கொடையா இரவலா என்று சொல்லும் தாள், அருங்காட்சியகம் இருக்கும்வரை இருக்க வேண்டும். இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கொடுத்தவர் காலமான பிறகு பேரப்பிள்ளை வந்து கேட்டால், பதில் சொல்ல அந்தத் தாள்தான் இருக்கும். அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளர்களின் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்க 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரங்களைச் சிலர் கொண்டுவருகிறார்கள். ஸ்கேன் செய்துகொண்டு அசலை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறோம். அது குடும்பத்துச் சொத்து.

கோலா சிலாங்கூர் உறுப்பினர்:

எங்களுக்கு வந்த பெட்டியில் தோட்டத்து ஃபைல்களோடு அரசாங்க அலுவலக ஃபைல்களும் கலந்திருந்தன. கரையான் அரித்ததை எரித்துவிடலாம் என்று ஒருவர் கிளம்பினார், தடுத்துவிட்டோம். 2003ஆம் ஆண்டு தேசிய ஆவணக் காப்பகச் சட்டப்படி, அரசாங்க ஆவணத்தை அர்கிப் நெகாரா (தேசிய ஆவணக் காப்பகம்) அனுமதி இல்லாமல் அழிக்கக் கூடாது. தனியாகக் கட்டி வைத்து, அவர்களுக்கு எழுதிப் போட்டோம். உங்கள் கொள்கையிலும் ஒரு வரி சேருங்கள். அப்புறம், அந்த அக்காவுக்குக் கொடுத்த கடிதத்தில் யார் கையெழுத்துப் போட்டார்கள்?

சுங்கை சிப்புட் உறுப்பினர்:

தலைவர், செயலாளர் இருவரும். கொடுத்த நகலின் விவரத்தைத் தனிப் பதிவேட்டிலும் ஏற்றுகிறோம். எங்களிடம் பழைய ஆஸ்பத்திரி ஏடு ஒன்று இருக்கிறது. தோட்டத்துடையதா அரசாங்கத்துடையதா என்று அடுத்த கூட்டத்துக்குள் பார்த்துவிடுகிறோம்.