ஹெர்க்கி ஜம்ப்ல மடக்குற கால் முட்டி எந்தப் பக்கம் பாக்கணும்?

புதுசா_சேந்தவ:
சியர்லீடிங் (மேட்ச்ல ஆடிக் குதிச்சு உற்சாகப்படுத்துறது) டீம்ல சேந்து கொஞ்ச நாள்தான் ஆகுது, டோ டச் (ரெண்டு காலயும் பக்கவாட்டுல விரிச்சுக் குதிக்கிறது) ஓரளவு வருது, ஆனா ஹெர்க்கில ஒருத்தங்க முட்டி முன்னாடி பாக்கணும்ங்கறாங்க இன்னொருத்தங்க தரைய பாக்கணும்ங்கறாங்க, எதுங்க சரி? இந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னும் தெரிஞ்சா சொல்லுங்க.

ஹைவி:
தரையத்தான். ஒரு கால் பக்கவாட்டுல நல்லா நீட்டி, இன்னொண்ணு மடங்கி முட்டி கீழ பாக்கணும். முட்டி முன்பக்கம் திரும்பிட்டா அது சைடு ஹர்ட்லர்ங்கற வேற ஜம்ப். அதுல பொதுவா ரெண்டு கையும் பக்கத்துல விரிப்பாங்க, ஹெர்க்கில ஒரு கை இடுப்புல, இன்னொண்ணு நேரா மேல.

பழைய_சியர்லீடர்:
பேரு லாரன்ஸ் ஹெர்க்கிமர்ங்கறவரோடது, டல்லாஸ் சதர்ன் மெத்தடிஸ்ட் யுனிவர்சிட்டில சியர்லீடரா இருந்தவரு. காத்துல ஸ்ப்ளிட் (ரெண்டு காலயும் முழுசா விரிக்கிறது) போட முயற்சி பண்ணி ஒரு கால் முழுசா விரியாம மடங்கி நின்னதுதான் இந்த ஜம்ப், அதனால ஸ்ப்ளிட் வரலைன்னு ஹெர்க்கிய தள்ளிப் போடாதீங்க ப்ளீஸ். 1948ல டெக்சாஸ் ஹன்ட்ஸ்வில்ல அவர் நடத்துன முதல் சியர்லீடிங் கேம்ப்புக்கு வந்தது 52 பொண்ணுங்களும் ஒரு பையனும். நேஷனல் சியர்லீடர்ஸ் அசோசியேஷன ஆரம்பிச்சதும் அவர்தான், சியர்லீடர்ஸ் கையில பிடிச்சு ஆட்டுற பாம்பாமுக்கு பேட்டன்ட் வாங்குனதும் அவர்தான். 2015ல 89 வயசுல இறந்தாரு. இன்னிக்கு கேம்ப்புக்குப் போற ஒவ்வொரு பிள்ளையும் அவர தெரிஞ்சுக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

புதுசா_சேந்தவ:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும்! நீட்டுற கால் மேல ஏறவே மாட்டேங்குது, குனிஞ்சு கையால எட்டித் தொடப் பாக்குறேன், அது தப்பா?

ஹைவி:
குனியவே கூடாதுங்க, நெஞ்சு நிமிந்து இருக்கணும், கால்தான் மேல வரணும். அதுக்கு இடுப்பு முன்பக்கத் தசையில பலம் வேணும், தரையில கால விரிச்சு உக்காந்து கைய முன்னாடி ஊனிக்கிட்டு ஒவ்வொரு காலா தூக்கித் தூக்கி இறக்குங்க, எரியும், விட்றாதீங்க. குதிக்கும்போது ரெண்டு கையையும் ‘ஹை வி’யா (V எழுத்து மாதிரி) மேல தூக்கி, வேகமா கீழ வீசி, அந்த வேகத்துலயே எழும்புங்க. இறங்குறப்ப ரெண்டு பாதமும் சேந்து முட்டி லேசா மடங்கி இருக்கணும், விறைப்பா இறங்குனா முட்டிக்குக் கேடு. மேட் இல்லாம சிமென்ட் தரையில பழகாதீங்க. ரெண்டு பக்கமும் பண்ணிப் பாருங்க, எது நல்லா வருதோ அதையே முதல்ல பிடிச்சுக்கோங்க.