உயரமான பையன்களைப் பயிற்றுவித்த அனுபவம்: திருகோணமலைக் கூடைப்பந்துக்காரர்கள் எழுதுங்கள்

உவர்மலைக்காரன் எழுதியது:

பல ஆண்டுகளாக மனத்தை விட்டு அகலாத ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிட்டு, உங்களிடம் ஒன்றைக் கேட்கலாம் என்றே இந்த இழையைத் தொடங்குகிறேன். அக்காலத்தில் ஒரு பாடசாலையின் 17 வயதுப் பிரிவு அணிக்கு உதவிப் பயிற்றுநராக, சம்பளம் எதுவும் இல்லாமல், மாலை வேளைகளில் போய் வந்துகொண்டிருந்தேன். அணியில் 6 அடி 4 அங்குல உயரமுள்ள ஒரு பையன் இருந்தான். அந்த உயரத்துக்கு ஒருவன் வந்துவிட்டால் நம் ஊரில் அவனை வளையத்தடியிலேயே நிறுத்திவிடுவார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அது மாகாண மட்ட ஆட்டம். கச்சான் காற்று சீமெந்துத் திடலில் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. எதிரணியினர் பந்தைத் தட்டிக் கொண்டுவரும் எங்கள் கார்ட்கள் இருவரையும் திடல் முழுவதும் ஒட்டி நின்று மறித்ததால், வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தைப் பிடித்த, அதாவது ரிபவுண்ட் எடுத்த, பையனுக்குப் பந்தைக் கொடுக்க ஆள் இருக்கவில்லை. அங்குமிங்கும் பார்த்தவன், பிறகு தானே தட்டிக்கொண்டு புறப்பட்டான். நடுக்கோட்டைத் தாண்டி, மறிக்க வந்தவனைச் சுழன்று கடந்து, இரண்டாமவன் தன் பக்கம் சாய்ந்த அந்தக் கணத்திலேயே, பார்வையை வளையத்தில் வைத்தபடி, மூலையிலிருந்து வெட்டி ஓடி வந்த சின்னப் பையனுக்கு ஒற்றைக் கையால் பந்தைத் தரையில் தட்டி அனுப்பினான். அவன் ஓடி வந்தபடியே வளையத்தடியில் எறிந்த லே-அப் விழுந்தது. எனக்கு மேனி சிலிர்த்தது. பக்கத்தில் இருந்த தலைமைப் பயிற்றுநரோ எழுந்து நின்று, "உன்னை யார் பந்தைத் தட்டச் சொன்னது? கீழே போய் நில்!" என்று கத்தினார், அடுத்த விசிலிலேயே அவனை வெளியே எடுத்தார். புள்ளி கிடைத்த பிறகுதான் எடுத்தார் என்பதைக் கவனியுங்கள்.

நான் வாய் திறக்கவில்லை. அதன் பிறகு ரிபவுண்ட் எடுத்த போதெல்லாம் அவன் பந்தை இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, முதலில் நாங்கள் இருந்த வாங்கைப் பார்ப்பான். பிறகுதான் கார்டைத் தேடுவான். அடுத்த வீட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுப்பவனைப் போல அந்தப் பந்தைக் கொடுப்பான். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் ஆட்டத்தையே விட்டுவிட்டான்.

இப்போது 15 வயதில், 6 அடி 3 அங்குல உயரத்தில், நிலாவெளிப் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் இன்னொருவன் என் கையில் இருக்கிறான். கை மென்மையானது, கண் நல்லது. இப்படிப்பட்டவர்களோடு பழகியவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

பழைய விசில் எழுதியது:

தம்பி, அந்தப் பயிற்றுநர் கத்தியது பிழைதான். ஆனால் தோற்றால் வீடு போக வேண்டிய ஆட்டத்தில், ஐந்து பேரை வைத்துக்கொண்டு வாங்கில் இருந்து பார்த்தவர் எவரும் அவரை முழுதாகக் குறை சொல்ல மாட்டார். அவன் கையிலிருந்து அந்தப் பந்து பறிபோயிருந்தால் நீங்கள் இன்று வேறு கதை எழுதியிருப்பீர்கள்.

என் அனுபவம் நடுவராக நின்ற காலத்தது. நல்ல உயரமான ஒரு பையன், மூன்றாம் கால் பகுதி முடியும் முன்னரே ஐந்தாவது ஃபவுலை வாங்கி வெளியேற வேண்டியதாயிற்று. என்னிடம் வந்து, "சேர், நான் அவனை இடிக்கவில்லை, கை மட்டும்தான் கொஞ்சம் கீழே வந்தது" என்றான். கை கீழே வந்ததுதான் ஃபவுல் என்றேன். தான் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே உள்ள வெளி தனக்கு உரியது என்பதையும், கையைச் செங்குத்தாக வைத்துக்கொண்டு குதித்தால் மோதுகிறவன்தான் பிழைகாரன் என்பதையும் அதுவரை அவனுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. வாங்குக்குத் திரும்பி நடக்கும்போது அவன் இரண்டு கைகளையும் நேராக உயர்த்திப் பார்த்து, கீழே இறக்கி, மீண்டும் உயர்த்திப் பார்த்துக்கொண்டே போனான். கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே பந்தைத் தட்டிக்கொண்டு போவது பிறகு வரட்டும். முதலில் நிற்கக் கற்றுக்கொடுங்கள். இப்போது எல்லோரும், உயரமாக இருந்தும் கார்டைப் போலப் பாஸ் கொடுக்கும் நிக்கொலா யோக்கிச்சைக் காட்டுகிறார்கள். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.யின் புது ஆட்டக்காரர் தெரிவில் அவர் 2014 இல் 41 ஆவது ஆளாகத்தான் தெரிவானார் என்பதும், அப்படி வளர்ந்தவர் அந்த ஒருவர்தான் என்பதும் மறந்துபோகின்றன. பஞ்சாபிலிருந்து போன 7 அடி 2 அங்குல சத்னாம் சிங்கை 2015 இல் டலஸ் அணி 52 ஆவதாகத் தெரிவு செய்தது. இந்தியாவில் பிறந்து அப்படித் தெரிவான முதல் ஆள் அவர்தான், இருந்தும் என்.பி.ஏ. லீக்கில் ஓர் ஆட்டம் கூட ஆடவில்லை.

இடதுகை வராதவன் எழுதியது:

பழைய விசில் ஐயா மன்னிக்க வேண்டும். "பிறகு வரட்டும்" என்ற அந்தச் சொல்தான் என்னைக் கெடுத்தது.

நான் 14 வயதில் 5 அடி 11 அங்குலம். வகுப்பிலே மட்டுமல்ல, வலயத்திலேயே என்னைவிட உயரமானவன் இருக்கவில்லை. மூன்று ஆண்டுகள் வளையத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். வலது தோளுக்கு மேலால் ஒரு ஹூக் ஷொட், ரிபவுண்ட், எதிராளியின் வழியை மறித்து நிற்கும் ஸ்கிரீன் ஆகிய மூன்றுக்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. தெரியத் தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் வென்றுகொண்டிருந்தோம். 20 வயதிலும் என் உயரம் அதே 5 அடி 11 அங்குலம்தான். கொழும்பில் ஒரு கழகத் தெரிவுக்குப் போனபோது, பெயரைப் பதிந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கார்ட்களோடு போய் நில்லுங்கள்" என்றார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், வேறு யாருக்கோ சொல்கிறார் என்று நினைத்து. இடக்கையால் பந்தைத் தட்டிக்கொண்டு கூம்புகளுக்கிடையே வரச் சொன்னார்கள். மூன்றாவது கூம்பிலேயே பந்து என் காலில் பட்டு மதிலுக்கு ஓடியது. அதை எடுக்கப் போன தூரம் இன்னும் நினைவில் இருக்கிறது.

என்.பி.ஏ. ஆட்டக்காரர் அன்டனி டேவிஸ் பாடசாலையில் கார்டாக ஆடிக்கொண்டிருந்து, பிறகுதான் சடாரென்று வளர்ந்தவர். கார்டாகப் பழகியவன் வளர்ந்தால் அணிக்கு இலாபம். என்னைப்போல் வளையத்தடியில் நிற்கும் சென்டராகப் பழகியவன் வளராமல் நின்றுபோனால், அந்த நட்டத்தை எந்தப் பயிற்றுநரும் ஏற்றுக்கொள்வதில்லை. உவர்மலைக்காரன் அண்ணா, உங்கள் பையனின் தகப்பனும் தாயும் எவ்வளவு உயரம் என்று பார்த்தீர்களா?

வலைப்பந்து ரீச்சர் எழுதியது:

நான் கூடைப்பந்துக்காரி அல்லள். ஆனாலும் உயரமான பிள்ளைகள் முதலில் எங்களிடம்தான் வருகிறார்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள். தர்ஜினி சிவலிங்கம் 2.08 மீற்றர் உயரத்தோடு நாட்டுக்கு ஆடி, 2018 இல் ஆசியக் கிண்ணம் நம் கைக்கு வந்த பிறகு, உயரமான மகளை ஒளித்து வைத்த தாய்மார் தாங்களாகவே கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

எங்களிடம் கோல் ஷூட்டராக இருந்த ஒரு பிள்ளை, பாடசாலையில் ஆள் போதவில்லை என்று கூடைப்பந்து அணிக்கும் போனாள். முதல் நாள் பந்து கைக்கு வந்ததும் அப்படியே உறைந்து நின்றாள். வலைப்பந்தில் பந்தோடு ஓட முடியாதல்லவா? எல்லோரும் "ஓடு, ஓடு" என்று கத்தினார்கள். அவள் ஓடவில்லை. மூன்று செக்கனுக்குள் பந்தை விட்டாக வேண்டும் என்று பழகிய கண், அதற்குள் திடல் முழுவதையும் பார்த்துவிட்டது. இரண்டு பேருக்கு இடையால் அவள் அனுப்பிய பந்து, வாங்கப் போகிறவளுக்கே தெரியாமல் அவள் கையில் போய் விழுந்தது. அந்தப் பிள்ளைக்கு அதற்குப் பெயர் தெரியாது. அவர்களுடைய பயிற்றுநர் மறுநாளே அவளை வளையத்தடியிலிருந்து, மறிப்பில்லாமல் எறியும் பிரீ துரோக் கோட்டருகே கொண்டுவந்து நிறுத்தி, எல்லாப் பந்தும் அவள் கை வழியாகவே போகும்படி செய்தார். அவர் நல்ல மனிதர்.

முதலில் நிற்பதா, முதலில் தட்டுவதா என்று நீங்கள் இருவரும் சண்டை பிடிக்கிறீர்கள். பிள்ளை வேறு எந்த விளையாட்டிலிருந்து வந்தது என்று எவரும் கேட்கவில்லை. என்.பி.ஏ.யில் புகழ்பெற்ற ஹக்கீம் ஒலாஜுவன் லாகோசில் கைப்பந்தும் உதைபந்தும் ஆடியவர். அங்கே புகழ்பெற்ற இன்னொருவரான டிம் டங்கன் முதலில் நீச்சல்காரர். 1989 இல் ஹியூகோ சூறாவளி அவருடைய தீவின் நீச்சல் குளத்தை அழித்த பிறகே இந்தப் பக்கம் வந்தார். நிலாவெளிப் பையன் கடலில் நீந்துவானா? கரப்பந்து ஆடுவானா?

கொழும்புவாழ் திருமலையான் எழுதியது:

என் கதை சிறியது. எங்கள் அணியில் உயரமான ஒருவன் முழங்காலுக்குக் கீழே வீங்கி வலிக்கிறது என்று சொன்னபோது, சோம்பேறி என்று திடலைச் சுற்றி ஓட விட்டார்கள்; நாங்களும் சேர்ந்து சிரித்தோம். அவன் நொண்டிக்கொண்டு ஓடிய அந்தப் பத்தாவது சுற்று இப்போதும் கண்ணில் நிற்கிறது. அது ஒஸ்குட்-ஷ்லாட்டர் என்ற, வேகமாக வளரும் பிள்ளைகளுக்கு வரும் வலியாக இருந்திருக்க வேண்டும் என்று பின்னாளில் ஒரு வைத்தியர் விளக்கினார். கணைக்கால் எலும்பில், முழங்கால் தசைநார் பொருந்தும் இடத்தில் வளர்ச்சித் தட்டு இன்னும் முற்றாதிருக்கும்போது, ஓயாத குதிப்பும் ஓட்டமும் அதை இழுத்து நோகச் செய்கின்றன.

ஆகவே உவர்மலைக்காரன் அண்ணாவுக்குச் சில விடயங்களைச் சொல்லிவிடுகிறேன். குதிப்பை எண்ணிக் கணக்கு வையுங்கள். வலிக்கிறது என்றால் அன்று பாஸ் மட்டும் பழகட்டும். ஒவ்வொரு நாளும் மைக்கன் பயிற்சியுடன் தொடங்குங்கள்: வளையத்தடியில் நின்று வலக்கையால் ஒன்று, இடக்கையால் ஒன்று, பந்தை நாடிக்குக் கீழே இறக்காமல். அந்தப் பயிற்சிக்குப் பெயர் தந்த, உயரமான பழைய ஆட்டக்காரர் ஜோர்ஜ் மைக்கனே அமெரிக்காவின் டீபோல் பல்கலைக்கழகத்தில் தடுமாறிக்கொண்டு நடந்த ஆள்தான். பயிற்றுநர் ரே மேயர் அவரைக் கயிறடிக்க வைத்தார், நிழலோடு குத்துச்சண்டை போட வைத்தார், நடனம் பழக அனுப்பினார். காலை முதலில் சரி செய்தார் என்பதே அதன் பொருள். எனவே கயிறு கட்டாயம்.

மூன்று புள்ளிக் கோட்டுக்கு அவனை இப்போதே அனுப்ப வேண்டாம். 6.75 மீற்றரிலிருந்து எறியும் பலம் அந்தத் தோளில் இன்னும் இல்லை. இடுப்பிலிருந்து பந்தைத் தள்ளப் பழகிவிட்டால் பிறகு திருத்த முடியாது. வளையத்துக்கு முன்னால் இரண்டு அடியில், ஒற்றைக் கையால், பலகையில் படாமல் விழும் வரை எறியட்டும். பிறகு ஓர் அடி பின்னால். பிரீ துரோவில் பத்துக்கு ஏழு தொடர்ந்து விழத் தொடங்கிய பிறகு மூலைக்குப் போகட்டும். அதையும் காலையில் செய்யுங்கள். பின்னேரக் கச்சானில் எறிந்தால் காற்றுக்கு ஏற்பக் கை வளைந்துவிடும்.

மூன்றுக்கு மூன்று ஆடும்போது, ரிபவுண்ட் எடுத்தவனே பந்தைக் கொண்டுவர வேண்டும் என்று விதி வையுங்கள். மார்கழி மழையில் சீமெந்து வழுக்கும். அந்த மாதங்களில் ஏதாவது மண்டபத்தில் இருவர் நின்று ஸ்கிரீன் போட்டுத் திரும்பும் அடிகளை மெதுவாகப் பழகலாம். எடை தூக்க விடாதீர்கள் என்று சிலர் சொல்வார்கள். சரியான முறையில், குறைந்த எடையில், பார்க்க ஆள் இருந்தால் பயம் இல்லை. இரவில் கைபேசியைப் பிடுங்கி வைத்து நித்திரை கொள்ளச் சொல்லுங்கள். சப்பாத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்: கால் வளர்ந்த பிறகும் பழைய சப்பாத்துக்குள் விரலை மடக்கி ஆடுகிற பையன்களை நான் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் 12 ஆம் இலக்கம் ஊர்க் கடைகளில் கிடைப்பதில்லை.

பழைய விசில் எழுதியது:

கேட்டது அனுபவம்; கிடைத்தது நேரசூசி. ஆனாலும் கயிறு பற்றிச் சொன்னது சரி.

இடதுகை வராதவனுக்கு: நான் "பிறகு" என்று எழுதியது ஆறு மாதத்தை நினைத்து, உங்களுக்கு அதை மூன்று ஆண்டாக்கியது யாரென்று எனக்குத் தெரியாது. மட்டக்களப்பு மிக்கேல் கல்லூரியில் பயிற்றுவித்து, 1990 ஆகஸ்டில் காணாமற்போன யூஜின் ஹெபர்ட் அடிகளாரைப் போன்ற இயேசு சபைக் குருக்களிடம் ஆட்டம் பழகியவர்களோடுதான் நான் ஆடியவன். அவர்களில் உயரமானவர்களும் கட்டையானவர்களும் ஒரே பாஸை நூறு தடவை போட்டார்கள். அதை மறந்துவிட்டு எழுதிவிட்டேன்.

உவர்மலைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தகப்பன் 5 அடி 10, தாய் வழி மாமன்மார் எல்லோரும் 6 அடிக்கு மேல். நீந்துவான், தோணியும் வலிப்பான், கரப்பந்து ஆடியதில்லை. சப்பாத்துக்குள் விரல் மடங்கியிருப்பதை நேற்றுத்தான் பார்த்தேன். கொழும்பிலிருந்து எடுப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். முழங்கால் வலி இப்போதைக்கு இல்லை என்கிறான்.

பழைய விசில் ஐயா, அந்த ஆட்டத்தில் பந்து பறிபோயிருந்தால் வேறு கதை எழுதியிருப்பீர்கள் என்றீர்கள். அதைச் சோதித்துப் பார்க்கவே நேற்று மூன்றுக்கு மூன்றில் திருமலையான் சொன்ன விதியைப் போட்டேன். முதல் நான்கு தடவையும் பந்தைப் பறிகொடுத்தான். ஒரு தடவை தன் காலிலேயே தட்டினான். எங்கள் பொயின்ட் கார்ட் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான். ஐந்தாவது தடவை நடுக்கோட்டைத் தாண்டி வந்தபோது இரண்டு பேர் அவன் மேல் சாய்ந்தார்கள், மூலையில் ஒருவன் ஓடத் தொடங்கியிருந்தான். எனக்கு அந்தப் பழைய ஆட்டமே திரும்பி வந்தது போல் இருந்தது. அந்த நேரம் பார்த்து இவனும் பந்தைத் தலைக்கு மேலே தூக்கி வாங்கைப் பார்த்தான். அவனிடம் யாரும் கத்தியதில்லை. எங்கே பழகினானோ தெரியாது. நான் குனிந்து சப்பாத்து லேஸைக் கட்டத் தொடங்கினேன். கட்டி முடிக்க நெடுநேரம் எடுத்தேன்.

நிமிர்ந்தபோது பந்து மூலையில் இருந்தவனிடம் இருந்தது. ஷொட் விழவில்லை. இவன்தான் ரிபவுண்ட் எடுத்தான்.